சொல்லும் செயலும்: விவேகானந்த சுவாமிகளின் பேருரை புகட்டும் பாடங்கள்

கோயில் முன்றிலிலும் மடங்களிலும் புராண படனம் கேட்டு வளர்ந்த ஈழத்துத் தமிழர்க்கு நல்லுரை கேட்டல் புதிய பழக்கமன்று. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த பிரசங்க மரபு, நாளடைவிற் சபைகளுக்கும் கல்லூரி மண்டபங்களுக்கும் பரவியது. பரிசளிப்பு விழாவும் பேச்சுப் போட்டியும் நடவாத பாடசாலை இன்று அரிது. ஆயினும், கேட்ட பொழுதில் உள்ளத்தைக் கிளர்த்திய உரை, மறுநாட் காலையில் எங்கே போய்விடுகின்றது என்னும் வினா எக்காலத்தும் எழுந்துகொண்டே இருக்கின்றது. கரவொலி ஓய்ந்த பின்னர்க் கேட்டார் நெஞ்சில் எஞ்சுவது யாது? அது வாழ்க்கைக்குப் பயன்படும் பாடமாவது எங்ஙனம்?

இவ்வினாவிற்குத் திருக்குறளின் வைப்புமுறையே ஒரு குறிப்பினைத் தருகின்றது. வள்ளுவனார் 65ஆம் அதிகாரத்திற் சொல்வன்மையைக் கூறினார். அதனையடுத்து 66ஆம் அதிகாரமாக வினைத்தூய்மையையும், 67ஆம் அதிகாரமாக வினைத்திட்பத்தையும் வைத்தார். சொல்லின் ஆற்றலைப் புகழ்ந்தவர் அடுத்த கணமே செயலின் தூய்மையையும் உறுதியையும் பேசுகின்றார். சொல் தன்னளவில் முற்றுப்பெறுவதன்று; செயலிலே சென்று முடிந்தபோதுதான் அது நிறைவெய்தும் என்பதே இவ்வைப்புமுறையாற் பெறப்படுவது. ஆகவே, ஓர் உரையிலிருந்து வாழ்க்கைப் பாடம் தேடுவார் அவ்வுரையோடு நின்றுவிடலாகாது. உரைத்தவர் தாம் சொன்னதைப் பின்னர் எந்த இடத்தில், எத்தகைய நெருக்கடியில் வாழ்ந்து காட்டினார் என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

இங்ஙனம் நோக்குதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, 1893ஆம் ஆண்டிலே சுவாமி விவேகானந்தர் சிக்காக்கோ நகரில் ஆற்றிய பேருரையாகும். அவ்வுரை உலகறிந்தது. அதனைச் சோதித்த இடம் இலங்கையிலே, மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்தது என்பதைப் பலர் அறியார்.

உரைக்கு முன்

சிக்காக்கோவில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியை ஒட்டிச் சருவ சமய மகாசபை 1893 செப்டெம்பர் 11ஆம் நாள் தொடங்கி 27ஆம் நாள் வரை கூடியது. அதற்குச் செல்லுதற்பொருட்டு முப்பது வயதினரான விவேகானந்தர் அவ்வாண்டு மே மாதம் 31ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறினார். அவரை அனுப்பிவைத்தவருள் முதன்மையானவர் சென்னையில் ஆசிரியராகவிருந்த அளசிங்கப் பெருமாள் என்பவர். செல்வர் சிலரை மட்டும் நம்பியிராது, நடுத்தர மக்களிடமும் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டியவர் அவர். உலகம் போற்றும் ஓர் உரைக்குப் பின்னே பள்ளியாசிரியர் ஒருவரின் கால்நடை உழைப்பு நின்றது என்பது கல்லூரிச் சமூகத்தார் மறத்தற்கரிய செய்தியாகும்.

சூலை மாத இறுதியிலே சிக்காக்கோவை அடைந்த சுவாமிகளுக்கு இடையூறுகள் காத்திருந்தன. சபை கூடுதற்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன. கையிலிருந்த பொருளோ கரைந்துகொண்டிருந்தது. தக்கார் ஒருவரின் நற்சான்றின்றி எவரும் பிரதிநிதியாதல் இயலாது என்பதும் அங்கு சென்ற பின்னரே தெரியவந்தது. செலவு குறைந்த வாழ்வை நாடிப் பொஸ்ரன் நகர்ப் பக்கம் சென்ற அவருக்கு, ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோன் ஹென்றி றைற் என்பவரின் நட்புக் கிடைத்தது. அப்பேராசிரியர் கொடுத்த அறிமுகமே அவருக்குச் சபையின் வாயிலைத் திறந்தது. எனினும், சிக்காக்கோவுக்கு மீண்ட இரவிலே செல்லும் முகவரியைத் தொலைத்துவிட்டுப் புகையிரத நிலையத்துச் சரக்குப் பெட்டி ஒன்றினுள் அவர் உறங்க நேர்ந்தது. மறுநாட் களைத்துத் தெருவோரத்தில் அமர்ந்தவரை, அதுவரை அறிமுகமில்லாத ஹேல் என்னும் பெருமாட்டி தம் இல்லத்திற்கு அழைத்து உபசரித்து, சபையாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இவையெல்லாம் வெறும் வரலாற்றுச் சுவைக்காகக் கூறப்படுவன அல்ல. மனிதர் யாவரும் உடன்பிறந்தார் என்று மேடையிற் கூறுதற்கு முன்னரே, அந்நிய நாட்டார் பலரின் அன்பினை அவர் பெற்றிருந்தார். அவர் வாயிலிருந்து எழுந்த முதற்சொல் ஏட்டிலிருந்து வந்ததன்று; பெற்ற அநுபவத்திலிருந்து வந்தது.

உரையும் அதன் பொருளும்

செப்டெம்பர் 11ஆம் நாள் பிற்பகலிலேயே அவர் பேச எழுந்தார். அதற்கு முன் பலமுறை தலைவர் அழைத்தும், சிறிது பொறுக்குமாறு வேண்டித் தம் முறையைத் தள்ளிவைத்தவர் அவர். ஏனையோர் எழுதி ஆயத்தம் செய்த உரைகளோடு வந்திருக்கத் தாம் ஒன்றும் எழுதிவராததையும், நெஞ்சு படபடத்து நா வறண்டதையும் அவர் பின்னர் அளசிங்கருக்கு வரைந்த கடிதத்தில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டுள்ளார். அவையஞ்சாமை என்பது அச்சமே தோன்றாத நிலையன்று. தோன்றிய அச்சத்தை மீறி எழுந்து நிற்றலே என்பது இதனாற் புலனாகும். மேடையேறும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் இவ்வொரு செய்தி பெருந்துணையாகும்.

அமெரிக்க மக்களைச் சகோதரிகள் என்றும் சகோதரர்கள் என்றும் அவர் விளித்த மாத்திரத்தே அவை எழுந்து நின்று நெடுநேரம் ஆரவாரித்தது. அவ்விளியிற் புதுமை யாது? சீமான்களே, சீமாட்டிகளே என்பது அந்நாட்டு மேடை மரபு. அது மரியாதையைக் காட்டும், ஆயினும் இடைவெளியையும் உடன்காட்டும். உடன்பிறந்தார் என்னும் விளியோ இடைவெளியை அகற்றுகின்றது. பேச்சாளர் தம்மைக் கேட்போருக்கு மேலேயும் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

உரை மிகச் சிறிது. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதன் பொருளை மூன்று கூறுகளாக வகுத்துக் காணலாம். முதலாவது, நன்றி. உலகின் தொன்மையான துறவியர் கூட்டத்தின் பெயராலும், பல்வேறு வகுப்பினரான கோடிக்கணக்கான இந்து மக்களின் பெயராலும் அவர் நன்றி கூறினார். இரண்டாவது, தம் நாட்டின் பெருமை. அவர் பெருமைக்குரியதாக எடுத்துக்காட்டியது படைவலியையோ செல்வத்தையோ அன்று. உரோமர் தம் திருக்கோயிலைத் தகர்த்தபோது தென்னிந்தியாவிற் புகலடைந்த யூதரையும், பாரசீகத்திலிருந்து வந்த சொராஸ்திர சமயத்தவரையும் ஏற்றுக் காத்ததையே அவர் பெருமையெனக் கொண்டார். மூன்றாவது, எச்சரிக்கை. பல இடங்களிற் பிறக்கும் ஆறுகள் ஒரே கடலைச் சென்று சேர்வதைப் போல, வேறுபட்ட நெறிகளில் நடப்போர் யாவரும் ஒரே பொருளையே அடைகின்றனர் என்னும் கருத்துடைய பழந்துதியை எடுத்தோதினார். பின்னர், சமய வெறி உலகை எத்துணை முறை இரத்தத்தால் நனைத்தது என்பதை நினைவூட்டி, அன்று காலையிற் சபைக்காக ஒலித்த மணி அவ்வெறிக்கு இறுதிமணியாகுக என்று வாழ்த்தி முடித்தார்.

தொடர்ந்த நாள்களிலும் அவர் பேசினார். செப்டெம்பர் 15ஆம் நாள் கிணற்றுத் தவளையின் கதையைக் கூறினார். தன் கிணற்றினும் பெரியது உலகில் இல்லையென்று வாதாடிய தவளையைப் பிற சமயத்தார்க்கு மட்டும் அவர் உவமையாக்கவில்லை. இந்துவும் தன் சிறு கிணற்றில் இருந்துகொண்டு அதுவே உலகமென எண்ணுகின்றான் என்று தம்மையும் சேர்த்தே கூறினார். 27ஆம் நாள் ஆற்றிய இறுதியுரையில், மண்ணில் இட்ட வித்து மண்ணாகவோ நீராகவோ காற்றாகவோ மாறிவிடுவதில்லை. அவற்றை உட்கொண்டு தன் இயல்பின்படி செடியாகவே வளர்கின்றது என்று காட்டினார். ஒருவர் மற்றவரின் சமயத்துக்கு மாறவேண்டுவதில்லை, மற்றவரின் நலத்தை உட்கொண்டு தம் நெறியிலே வளர்தல் வேண்டும் என்பது அவ்வுவமையின் பொருள்.

அச்சபையில் இலங்கையின் குரலும் ஒலித்தது. 1891ஆம் ஆண்டிலே மகாபோதி சங்கத்தைத் தோற்றுவித்த அநகாரிக தர்மபாலர் பௌத்தத்தின் சார்பில் அதே மேடையிற் பேசிச் சபையோரின் மதிப்பைப் பெற்றார். இந்துவும் பௌத்தரும் ஒரே மேடையில் அமர்ந்து ஒருவரையொருவர் செவிமடுத்தனர். அக்காட்சியை மனத்திற் கொண்டு பார்க்கும்பொழுதே, நான்கு ஆண்டுகளின் பின் இலங்கையில் நிகழ்ந்ததன் கடுமை விளங்கும்.

மாத்தளை நாட்டில் ஒரு சான்று

புகலடைந்தாரைக் காத்தல் என்னும் பெருமை இந்தியாவுக்கோ இந்து சமயத்துக்கோ மட்டும் உரியதன்று. மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலவை அண்டியுள்ள வஹகோட்டை என்னும் சிற்றூர் இதற்குச் சான்றாக நிற்கின்றது. பௌத்தக் கிராமங்கள் சூழ்ந்த அப்பிரதேசத்தில், புனித அந்தோனியார் ஆலயத்தை நடுவாகக் கொண்ட கத்தோலிக்கர் ஊராக அது விளங்குகின்றது. ஊரவரின் முன்னோருட் பலர், போர்த்துக்கீசர் காலத்திலே கண்டி இராச்சியத்துள் அகப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள் எனக் கூறப்படுகின்றது. ஊரவர் பேசும் மொழி சிங்களம். உழும் நிலம் அயலார் உழுவது போன்ற நிலமே. வழிபாடு மட்டும் தம் முன்னோரின் வழிபாடு. சூன் மாதத்துத் திருவிழாவிற்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் யாத்திரிகர் அங்கே திரள்கின்றனர்.

கண்டி இராச்சியத்தின் நடுவிலே இவ்வாறு ஒரு கத்தோலிக்கச் சமூகம் நிலைபெற்றது எங்ஙனம்? கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். 1687ஆம் ஆண்டிலே கோவையிலிருந்து மறைவாக இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகளார், யாழ்ப்பாணத்துப் பக்கத்திற் சில காலம் தொண்டாற்றிப் பின் 1692இற் கண்டியை அடைந்தார். ஒற்றர் எனும் ஐயத்தால் அவர் முதலிற் சிறையிடப்பட்டார். ஆயின், அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஐயம் நீங்கி, தன் நாட்டிலே அவர் தம் சமயத்தை ஓதுதற்கு இசைவு தந்தான். அவ்வரசன் பௌத்த சமயத்தின் காவலன். கண்டியில் வைசூரி பரவியபோது, அவ்வடிகளார் சமயம் பாராது நோயாளரைப் பேணினார். 1711இற் கண்டியிலேயே காலமான அவர், 2015ஆம் ஆண்டிலே கொழும்பிற் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

ஒல்லாந்தக் கிறித்தவர் துரத்திய கத்தோலிக்கக் குருவுக்குப் பௌத்த அரசன் நிழல் கொடுத்தான் என்னும் இவ்வரலாறு, சிக்காக்கோ உரைக்கு இலங்கை எழுதிவைத்த உரைவிளக்கம் போல்வது. வித்தினைப் பற்றிய உவமைக்கும் வஹகோட்டை பொருந்துகின்றது. அங்கே ஊன்றிய வித்து அந்நிலத்தின் மொழியையும் வழக்கையும் உட்கொண்டது; ஆயினும் தன் செடியாகவே வளர்ந்தது. நிலமும் அதனைப் பிடுங்கி எறியவில்லை.

சோதனை

ஐரோப்பாவிலிருந்து மீண்ட விவேகானந்தர் 1897 சனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கினார். சட்டநிரூபண சபை அங்கத்தவரான பொன்னம்பலம் குமாரசுவாமி முதலியோர் அவரைப் பெருஞ்சிறப்போடு வரவேற்றனர். மறுநாள் மாலையில், மேனாட்டு யாத்திரையின் பின் கீழைநாட்டில் அவர் ஆற்றிய முதற் பேருரை கொழும்பிலே நிகழ்ந்தது. 19ஆம் நாள் புகையிரதத்திற் கண்டி சென்று, அங்கு அளிக்கப்பட்ட வரவேற்பை ஏற்று, மாத்தளையை அடைந்தார்.

1880ஆம் ஆண்டில் மாத்தளைக்கு வந்த புகையிரதப் பாதை அங்கேயே முடிந்தது. வடபகுதிக்கான பாதை 1905இலேயே முற்றுப்பெற்றது. ஆகவே மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ இருநூறு மைல் தூரத்தைக் குதிரை வண்டியிலேயே கடக்க வேண்டியிருந்தது. அவர் சென்ற நெடுஞ்சாலை வஹகோட்டையினூடு செல்வதன்று. அவ்வூர் அச்சாலைக்கு மேற்கே ஒதுங்கியுள்ளது. ஆயினும் அவர் கடந்து சென்றது வஹகோட்டையின் வரலாறு நிகழ்ந்த அதே மாத்தளை நாடுதான்.

தம்புள்ளையைத் தாண்டிச் சில மைல் சென்றதும், இறக்கமொன்றில் வண்டியின் சக்கரம் உடைந்தது. மூன்று மணி நேரம் வழியிற் காத்திருந்தனர். பின்னர் மாட்டு வண்டியொன்று கிடைத்தது. உடன்வந்த சேவியர் என்னும் ஆங்கிலேயரின் மனைவியாரையும் மூட்டைகளையும் அதில் ஏற்றிவிட்டு ஏனையோர் நடந்தனர். வேறு வண்டிகள் கிடைத்தபின் இரவு முழுவதும் மாட்டு வண்டிகளிலே கழிந்தது. குறித்த நேரத்துக்குப் பல மணி நேரம் பிந்தியே அநுராதபுரத்தை அடைந்தனர்.

அநுராதபுரத்தில், பௌத்த உலகம் போற்றும் வெள்ளரசின் நிழலிலே கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. இரண்டாயிரம் மூவாயிரம் பேர் கூடியிருந்தனர். சுவாமிகள் ஆங்கிலத்திற் பேச, மொழிபெயர்ப்பாளர் தமிழிலும் சிங்களத்திலும் கூறிச் சென்றனர். பொருள், வழிபாடு. உள்ளீடற்ற வழிபாட்டை விடுத்து வேதம் கூறும் நெறியை வாழ்விற் கைக்கொள்க என்று அவர் அறிவுறுத்திய வேளையில், பிக்குகளும் இல்லறத்தாரும் பெண்டிரும் சிறுவருமாகப் பௌத்தர் பெருங்கூட்டமாகத் திரண்டு சூழ்ந்துகொண்டனர். பறைகளையும் சேகண்டிகளையும் தகரங்களையும் அடித்து அவர்கள் எழுப்பிய பேரொலியில், உரை நடுவிலேயே நின்றது.

சிக்காக்கோவில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அநுராதபுரத்தில் ஆயிரக்கணக்கானோர் பறையறைந்து வாயடைத்தனர். அங்கே சமயப் பொறையைப் பற்றிப் பேசுதல் எளிது. இங்கே பொறுத்தல் வேண்டியிருந்தது. கூடியிருந்த இந்துக்கள் சினந்தெழுந்தனர். ஒரு சொல் தவறியிருப்பின் அத்திருத்தலமே போர்க்களமாகியிருக்கும். அவ்வேளையிற் சுவாமிகள் தம்மவரை நோக்கியே திரும்பினார். பொறுமை காக்குமாறு அவர்களை வேண்டினார். சிவனென்றும் விட்டுணுவென்றும் புத்தரென்றும் வேறெப்பெயராலும் வழிபடப்படும் பொருள் ஒன்றே என்றும், பிற சமயத்தாரைச் சகித்தல் மட்டும் போதாது, அவர்பால் அநுதாபமும் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். கூட்டம் கைகலப்பின்றிக் கலைந்தது.

இந்நிகழ்ச்சியை நடுவுநிலையில் நின்று நோக்குதல் வேண்டும். இவ்வரலாறு சுவாமிகளின் சீடர் எழுதிய நூலின்வழி வந்தது. அந்நூல் பறையறைந்தாரை வெறியர் என்றே குறிக்கின்றது. ஆயின் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் எண்ணத்தக்கது. அந்நிய ஆட்சியின்கீழ்த் தம் சமயமும் தலங்களும் நலிவதைக் கண்டு கலங்கியிருந்த மக்கள் அவர்கள். தம் வழிபாட்டின் தலையாய இடத்திலே, பிற சமயத் துறவி ஒருவர் வெற்று வழிபாட்டைக் கண்டித்துப் பேசுகின்றார் என்று கேட்டபோது, அது தம்மைச் சுட்டியதெனவே அவர்கள் கொண்டிருத்தல் கூடும். பேசியவர் கருத்து அதுவன்று. எனினும், சொல்லுவார் கருதியது ஒன்றும் கேட்பார் கொள்வது பிறிதொன்றும் ஆதல் உலகியல்பு. இடமும் அவையும் அறிந்து பேசுதலின் அருமை, தலைசிறந்த பேச்சாளரின் வரலாற்றிலும் இங்ஙனம் வெளிப்படுகின்றது.

உணர்த்தப்படும் பாடம்

சிக்காக்கோ உரையினை மட்டும் படிப்பார் அதனைப் பிற சமயத்தாருக்குக் கூறிய அறிவுரையாகக் கொண்டுவிடல் எளிது. தம் நாட்டின் பெருமை அதிற் பேசப்படுதலின், படிப்போர் நெஞ்சிலே ஒருவகைச் செருக்கும் தோன்றலாம். அநுராதபுர நிகழ்ச்சி அச்செருக்கினை நீக்குகின்றது. அங்கே சுவாமிகள் பறையறைந்தாரைத் திருத்த முற்படவில்லை. தம்மைப் போற்றியவர்களையே அடக்கினார். சமயப் பொறை என்பது மாற்றாரிடம் கேட்கும் உரிமையன்று, தம்மவரிடம் வேண்டும் கடமை. எதிர்த்தாரை அடக்குதற்கு வலிமை போதும். தம்மைச் சார்ந்தாரை, அதுவும் தமக்காகச் சினந்தெழுந்தாரை அடக்குதற்கு அறம் வேண்டும். இவ்வுரையிலிருந்து பெறத்தக்க பாடங்களுட் தலையாயது இதுவேயாம்.

இப்பாடம் இலங்கைக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1915, 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் இத்தீவு கண்ட கலவரங்களையும், 2009வரை நீண்ட போரையும் எண்ணுவார்க்கு, சினந்தெழுந்த தம் கூட்டத்தை நோக்கி நில் என்று சொல்லும் ஒருவரின் அருமை விளங்கும். கலவரம் மூண்ட வேளைகளில் அயலாரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சாதாரண மக்கள் பலர் இருந்தனர். மேடையேறிப் பேசாத அவர்கள் சிக்காக்கோ உரையின் பொருளைத் தம் வாசற்படியில் நின்று உரைத்தவராவர்.

அநுராதபுரத்தை விட்டு வவுனியாவையும் ஆனையிறவையும் கடந்து, சுவாமிகள் யாழ்ப்பாணத்தை அடைந்தார். தீவட்டிகள் ஒளிவீச, ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக அவரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றனர். 1890இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி அப்பொழுது ஏழாண்டு நிரம்பாத இளங்கல்லூரி. அங்கே வேதாந்தம் என்னும் பொருள்பற்றி ஒன்றே முக்கால் மணி நேரமளவு அவர் பேசினார். சில நாள்களின் முன்னர்ப் பறையொலியால் வாயடைக்கப்பெற்றவர் அங்கே அதுபற்றி முறையிட்டுப் பரிவு தேடியிருக்கலாம். மாறாக, உலகம் கற்கவேண்டிய பெரும்பாடம் சகிப்பு மட்டுமன்று, அநுதாபமும் ஆகும் என்னும் அதே கருத்தையே அம்மேடையிலும் வலியுறுத்தினார். கரவொலிக்கும் பறையொலிக்கும் இடையே கருத்து மாறவில்லை. அதுவே வினைத்திட்பம்.

கேட்போர் கடமை

பேசியவரின் கடமையோடு கேட்டாரின் கடமையும் உண்டு. சுவாமிகளோடு இலங்கைக்கு வந்தவருள் யோசியா யோன் குட்வின் என்னும் ஆங்கில இளைஞர் ஒருவர். சுருக்கெழுத்து வல்லுநரான அவர் 1895இன் இறுதியில் நியூயோர்க்கிற் கூலிக்காக அமர்த்தப்பெற்றார். கேட்கக் கேட்கத் தொண்டரானார். கொழும்பு முதல் அல்மோரா வரை சுவாமிகள் ஆற்றிய பேருரைகள் நூலாக நிலைத்தமைக்கு அவ்விளைஞரின் கையே பெருங்காரணம். 1898ஆம் ஆண்டிலே, முப்பது வயது நிரம்புமுன், உதகமண்டலத்தில் அவர் காலமானார். பிறர் சொல்லைத் தன் சொல்லாக்கிக் கொள்ளாது, வழுவாது பதிந்து பின்வந்தார்க்கு அளித்த அவருடைய வாழ்வும் ஒரு பாடமே. கேட்டல் என்பது செவியின் தொழில் மட்டுமன்று. அது ஒரு தொண்டு.

மாணவர் ஓர் உரையைக் கேட்டபின் தமக்குள் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம். பேசியவர் எதனைப் பெருமையெனக் கொண்டார்? தம் குறையையும் தம்மவர் குறையையும் அவர் ஒப்புக்கொண்டாரா? அவர் சொல் எதிர்ப்பின் நடுவிலும் நிற்கத்தக்கதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுங்கால், ஓசையினிமையால் மட்டும் கவர்ந்த உரைகள் தாமே உதிர்ந்துபோகும், பொருளுடையன எஞ்சும். எஞ்சியவற்றைச் சோதித்தற்குச் சிக்காக்கோவும் வேண்டா, அநுராதபுரமும் வேண்டா. விளையாட்டு மைதானத்திலே தம் அணியினர் எதிரணியினரை இழித்துப் பேசும்போதும், வகுப்பறையில் ஒருவனின் சாதியையோ ஊரையோ சமயத்தையோ சொல்லி ஏனையோர் நகைக்கும்போதும், அந்நகைப்பிற் கலவாது நின்று தன் நண்பரைத் தடுக்க இயலுமா என்பதே சோதனை.

கொழும்பு உரையும் யாழ்ப்பாண உரையும் நூலில் இடம்பெற்றுள்ளன. அநுராதபுர உரை அதில் இல்லை. முற்றுப்பெறாது நின்ற உரையாதலின் அது ஏடேறவில்லை போலும். ஆயினும், ஏடேறிய உரைகளின் உண்மைக்குச் சான்று பகர்வது அந்த ஏடேறாத உரையே. வெள்ளரசின் நிழலில் நடுவே நின்றுபோன பேச்சும், அதன்பின் தம்மவரை நோக்கி எழுந்த ஒரு வேண்டுகோளும் இல்லையாயின், சிக்காக்கோவிற் கூறியது நல்ல சொல்லாக மட்டும் நின்றிருக்கும். வஹகோட்டையின் ஆலய மணி பௌத்த வயல்களின்மேல் இன்றும் இடையூறின்றி ஒலிக்கின்றது. 1893இல் ஒருவர் விரும்பிய மணியோசை, ஓரிடத்திலேனும் பல்லாண்டாக ஒலித்து வருகின்றது என்பதற்கு அது சான்று. ஏனைய இடங்களிலும் அதனை ஒலிப்பித்தல், கற்றார் ஒவ்வொருவரின் கையிலும் உள்ள பணியாகும்.